சட்டையைத் தூக்கி ஒரு நிமிடம்

காலை ஏழே முக்கால். மலையுச்சியில் மேகம் இன்னும் கலையவில்லை. ராத்திரி பெய்த மழை கிளினிக் வாசல் சிமெண்டில் திட்டுத் திட்டாகத் தேங்கிக் கிடக்கிறது. கதவு திறக்கக் கால் மணி நேரம் இருக்கிறது. வரிசை அதற்குள் மோட்டார் சைக்கிள் கொட்டகை வரைக்கும் போய்விட்டது. புக்கிட் மெர்தாஜாமை உள்ளூரில் முழுப்பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, பி.எம். என்றால் போதும். மலேசியாவின் இந்தப் பி.எம்.மில் ஓர் அரசு கிளினிக், மார்ச் மாதத்து வேலைநாள்.

நான் நோயாளி இல்லை. அம்மாவுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இங்கே மருந்து எடுக்க வேண்டும். ரத்தம் எடுக்கும் அறைக்குள் அவரை அனுப்பிவிட்டால் மூன்று மணி நேரம் எனக்கு வேலை கிடையாது. கூடத்தின் கோடியில் ஒரு நாற்காலி எனக்குப் பழக்கம். எதிரே, மூச்சு வாங்குகிறவர்களை உட்காரவைக்கும் மூலை. இடது பக்கம், வந்தவர்களை முதலில் பார்த்துப் பிரிக்கும் மேசை. இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருப்பேன். இத்தனை வருடத்தில் ஒருவரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

கதவு திறக்கிறது. ஐசி என்னும் அடையாள அட்டையை நீட்டுகிறார்கள், ஒரு வெள்ளி கட்டுகிறார்கள், நம்பர் வாங்குகிறார்கள். குடிமகனுக்கு டாக்டரைப் பார்ப்பது, மருந்து எல்லாம் அந்த ஒரு ரிங்கிட்டில் அடக்கம். ஒலிபெருக்கியில் பதிவுசெய்த பெண்குரல்: “சத்து, கோசோங், டுவா, எம்பாட்… பிலிக் லீமா.” அந்தக் குரல் ஓய்கிற இடைவெளியில் கூடம் இருமுகிறது.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஒவ்வொன்றும் தனித்தனி. தொண்டையோடு நின்றுவிடும் கமறல். பேசுவதற்கு முன் வரும் செருமல். அடிவயிற்றிலிருந்து எதையோ புரட்டிக்கொண்டு வரும் ஈர இருமல். முடிவில் சீழ்க்கை போல இழுத்துக்கொண்டு போகிற ஒன்று. பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பாரே என்று கைக்குட்டைக்குள் அமுக்கிக்கொள்கிற ஒன்று. இளைப்பு, இரைப்பு, இழுப்பு, ஈளை, கக்குவான் என்று நம் ஆட்கள் எத்தனை பெயர் வைத்திருக்கிறார்கள். பதிவு மேசையில் அத்தனைக்கும் ஒரே சொல்தான் விழுகிறது: பாத்துக். மலாயில் இருமல். அந்த ஒற்றைச் சொல்லுக்குள்ளிருந்து மறுபடியும் பலவற்றைப் பிரித்தெடுப்பதுதான் காலை முழுக்க இங்கே நடக்கும் வேலை.

முதல் மேசைக்கு ஒரு பாட்டி வருகிறார். இடுப்பில் குழந்தை. மூக்கு ஒழுகிக் காய்ந்து, மேலுதட்டில் வெள்ளைக் கோடு. கைலியும் சட்டையும் போட்ட பாட்டி, வரும்போதே கேட்டுவிடுகிறார்:

“மிஸி, புள்ளைக்கு நெஞ்சுல சளி கட்டிருச்சு. அந்த ரோஸ் கலர் மருந்து இருக்குல்ல, அத குடுத்துருங்க.”

நர்ஸை மிஸி என்று கூப்பிடும் தலைமுறை. ரோஸ் கலர் மருந்து என்றால் நுண்ணுயிர்க்கொல்லி சிரப். முன்பு எங்கேயோ கொடுத்திருப்பார்கள், குழந்தை தேறியிருக்கும். கொடுக்காமலே தேறியிருக்கும் என்பது பாட்டிக்குத் தெரிய வழியில்லை.

நர்ஸ் பதில் சொல்லவில்லை. “உக்காருங்க பாட்டி. பாப்பா அழாம இருக்கட்டும்” என்கிறார். குழந்தை பேனாவைப் பிடித்து இழுக்கிறது, விட்டுவிடுகிறார். மூச்சை எண்ண அமைதியான குழந்தை வேண்டும். அழும்போது எண்ணினால் கணக்குத் தப்பு. குழந்தை பேனா மூடியில் மும்முரமானதும், சட்டையை மெல்ல மார்புக்கு மேல் தூக்கிப் பிடிக்கிறார். மேசையில் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைக்கிறார்.

இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் நான் இந்த நாற்காலியை விடாமல் பிடித்துக்கொள்கிறேன். கூடத்தில் அவ்வளவு இரைச்சல். நர்ஸின் கண் குழந்தையின் வயிற்றை விட்டு அசையவில்லை. வயிறு ஏறுகிறது, இறங்குகிறது. உதடு சத்தமில்லாமல் அசைகிறது. பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்குகிற சோலி இல்லை. கைக்குழந்தையின் மூச்சு சீராக ஓடாது. நாலு வேகமாக இழுக்கும், ஒன்று நின்று வரும். முழு நிமிடமும் எண்ணினால்தான் கணக்கு. பாட்டி ஏதோ சொல்ல வாயெடுக்கிறார். நர்ஸ் மறுகையை உயர்த்தி நிறுத்துகிறார். அறுபது விநாடி.

“நாப்பத்தி நாலு.”

பத்து மாதக் குழந்தைக்கு நாற்பத்து நாலு சரிதான். இரண்டு மாதத்துக்குள் இருக்கும் சிசுவுக்கு நிமிடத்துக்கு 60, இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரைக்கும் 50, ஒன்றிலிருந்து ஐந்து வயது வரைக்கும் 40. இதைத் தொட்டாலோ தாண்டினாலோ வேக மூச்சு. நிமோனியாவை நினைக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் எக்ஸ்ரே இல்லாத, டாக்டரே இல்லாத ஊர்களுக்காக வகுத்த கணக்கு இது. இந்தக் குழந்தைக்கு இன்னும் இரண்டு மாதம் கூடியிருந்தால் அதே நாற்பத்து நாலு வேறு கதை. நர்ஸ் எண்ணியதோடு விடவில்லை. மூச்சை உள்ளே இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே சதை குழிகிறதா என்று குனிந்து பார்க்கிறார். குழியவில்லை. மூக்குத்துவாரம் விடைக்கவில்லை. உதட்டில் நீலம் இல்லை. பால் குடிக்கிறது.

எம்.ஏ. வந்து ஸ்டெதஸ்கோப்பை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி வைத்துக் கேட்கிறார். எம்.ஏ. என்றால் உதவி மருத்துவ அதிகாரி. எஸ்டேட் காலத்தில் டிரஸர் என்று நம் தாத்தாக்கள் கும்பிட்டு நின்ற ஆளுடைய இன்றைய வாரிசு. இவர் மலாய்க்காரர், மெல்லிய குரல். நர்ஸிடம் மலாயில் இரண்டு வரி சொல்கிறார். நர்ஸ் அதைப் பாட்டிக்குத் தமிழாக்குகிறார்.

“சாதாரண சளி பாட்டி. கிருமியக் கொல்ற மருந்து இதுக்குக் கேக்காது. வைரஸு. தானா ஒரு வாரம் பத்து நாள்ல போயிரும். காய்ச்ச இருந்தா மட்டும் இந்த மருந்து.”

எடை எட்டு கிலோ. கிலோவுக்கு 15 மில்லிகிராம் பாரசிட்டமால் என்றால் ஒரு வேளைக்கு 120. சிரப்பில் அது 5 மில்லி. ஊசி இல்லாத பிளாஸ்டிக் சிரிஞ்சில் 5 என்ற கோட்டை நர்ஸ் நகத்தால் கீறிக் காட்டுகிறார்.

பாட்டியின் முகம் விழுந்துவிட்டது. ஒன்பது கிலோமீட்டர் பஸ்ஸில் வந்தவருக்கு வெறும் காய்ச்சல் மருந்து. “சளி மஞ்சளா வருது மிஸி” என்று கடைசியாக ஒரு பிடி பிடித்துப் பார்க்கிறார். மஞ்சளாக வந்தால் உடம்பு எதிர்த்துப் போராடுகிறது என்று பொருள், அவ்வளவுதான். வெள்ளையணுக்கள் செத்துச் சேரும்போது சளி நிறம் மாறும், வைரஸிலும் அப்படித்தான். நர்ஸ் இதைச் சொல்லி முடித்ததும் பாட்டியே பேச்சை மாற்றுகிறார். தேன் தடவலாமா? “ஒரு வயசு முடியட்டும் பாட்டி, அதுக்கு முன்ன தேன் வேணாம்.” கோடாலித் தைலம்? “மூக்குல, நெஞ்சுல வேணாம். கைப்புள்ளைக்கு அது மூச்சக் குழப்பும்.” இருமல் சிரப்? “இந்த வயசுக்குக் கிடையாது.” பாட்டிக்குத் தெரிந்த ஒவ்வொரு கதவாக மூடுகிறது. அப்போது நர்ஸ் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்கிறார்.

“நீங்க பாருங்க, நான் எப்டிப் பாத்தேன்னு. வீட்டுல ராத்திரி சட்டையத் தூக்கிப் பாருங்க. மூச்சு வேகமா ஓடுதா? விலாவுக்குக் கீழ குழி விழுதா? பால் குடிக்க மாட்டேங்குதா? துவண்டு துவண்டு தூங்குதா? இதுல ஒண்ணு இருந்தாலும் காலையில வரைக்கும் காத்திருக்க வேணாம். நேரா ஆஸ்பத்திரி.”

பாட்டி குழந்தையின் சட்டையை இப்போதே தூக்குகிறார். பார்க்கிறார். ரொம்ப நேரம் பார்க்கிறார்.

அடுத்து வந்த ஐந்தாறு பேரும் சட்டென்று முடிந்துபோனார்கள். தொழிற்சாலை நைட் ஷிப்ட் முடிந்து நேராக வந்த பெண், தொண்டைவலி. நாக்கை அமுக்கி டார்ச் அடித்து, கழுத்து நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார்கள். காய்ச்சல் இல்லை, இருமல் உண்டு, டான்சிலில் சீழ் இல்லை. உப்புத்தண்ணீர் கொப்பளிக்கச் சொல்லி ஒருநாள் எம்சி, அதாவது மருத்துவ விடுப்பு. அவளுக்கு வேண்டியதும் எம்சிதான், தூங்க வேண்டும். பிறகு ஒரு சீனப் பெரியவர். உட்காரும்போதே இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொள்கிறார், உதட்டைக் குவித்துத்தான் மூச்சை வெளியே விடுகிறார். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, நாற்பது வருடச் சிகரெட்டில் சுருங்கிய குழாய் மூடிக்கொள்ளாமலிருக்க உடம்பு தானாகக் கண்டுபிடித்த தந்திரம் அது. 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து சாப்பாட்டுக் கடைகளில் சிகரெட் கூடாது என்று சட்டம் வந்தது. பெரியவர் கடைக்கு வெளியே மூன்று மீட்டர் தள்ளி நின்று பிடிப்பதாக எம்.ஏ.யிடம் நேர்மையாகச் சொல்கிறார்.

கூடத்தில் பலர் முகத்தில் முகக்கவசம். இந்தத் துணியைப் பார்க்கும்போதெல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம், பினாங்குத் தீவில் 1879-இல் பிறந்த ஊ லியென்-தே நினைவுக்கு வருகிறார். 1910 கடைசியில் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் ஊரூராகத் தின்றுகொண்டிருந்தபோது அங்கே அனுப்பப்பட்டவர். இது எலியிலிருந்து மட்டும் வருவதல்ல, மனிதன் மூச்சிலிருந்து மனிதனுக்குத் தாவுகிறது என்றார். பஞ்சும் மெல்லிய துணியும் அடுக்கடுக்காக வைத்து முகத்தில் கட்டச் சொன்னார். மெனி என்ற மூத்த பிரெஞ்சு டாக்டர் அதைப் பொருட்படுத்தாமல் வெறும் முகத்தோடு நோயாளிகளைப் பார்க்கப் போய், சில நாளிலேயே அதே நோயில் இறந்தார். நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்ட ஊ லியென்-தே 1937-இல் மலாயா திரும்பி, ஈப்போவில் சாதாரண மருத்துவராக உட்கார்ந்து சளியும் காய்ச்சலும் பார்த்தார். அவர் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

ஒன்பதரை. எதிர்மூலைக்கு ஒரு பையன் வருகிறான். ஒன்பது வயது இருக்கும், தமிழ்ப்பள்ளிச் சீருடை. தொழிற்சாலைச் சட்டை போட்ட அப்பா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருகிறார். பையனின் தோள் ஒவ்வொரு மூச்சுக்கும் காதை நோக்கி ஏறுகிறது. நம்பர் கூப்பிடக் காத்திருக்கவில்லை, எம்.ஏ. தூரத்திலிருந்தே அந்தத் தோளைப் பார்த்துவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

“தம்பி, பேர் என்ன? எந்த ஸ்கூல்? ஆசிரியர் பேர் என்ன?” என்று நர்ஸ் கேட்கிறார். ஏதோ குசலம் விசாரிப்பது போலத்தான் இருக்கும். பையன் பெயரைச் சொல்லி, நின்று, மூச்சு வாங்கி, பள்ளியின் பெயரில் பாதியைச் சொல்லி, மறுபடி நிற்கிறான். பெயரைக் கேட்கவில்லை அவர். ஒரு மூச்சில் எத்தனை சொல் வருகிறது என்று கேட்டிருக்கிறார். விரலில் மாட்டிய கிளிப்பில் ஆக்ஸிஜன் 94. இந்த மூச்சுத்திணறலை மலாயில் லெலா என்கிறார்கள், தமிழில் இழுப்பு.

பையன் கையில் ஒரு குழாய் கொடுத்து முழுபலத்தோடு ஊதச் சொல்கிறார்கள். மூன்று முறை. முள் 130-ஐத் தாண்டவில்லை.

“பம்ப்பு அடிச்சோம் மிஸி. ராத்திரியெல்லாம் அடிச்சோம். கேக்கல” என்கிறார் அப்பா. அவர் குரல் நடுங்குகிறது.

“எப்டி அடிச்சீங்க, காட்டுங்க.”

அவர் பையிலிருந்து நீல பம்ப்பை எடுக்கிறார். வெண்டோலின் என்றும் சொல்வார்கள். 1969-இலிருந்து உலகம் முழுக்கப் பைகளில் இருக்கும் பொருள். குலுக்கவில்லை. மகனை வாயைத் திறக்கச் சொல்லி, இரண்டு அங்குலம் தள்ளிப் பிடித்து, கொசுமருந்து அடிப்பதுபோல் ஒரு அழுத்து. நாக்கில் வெள்ளைப் புகை பட்டு, வாயோரமாக வெளியே வருகிறது. ராத்திரி முழுக்க இந்தக் குழந்தை குடித்தது நாக்குக்கு மருந்து. நெஞ்சுக்கு ஏதும் போகவில்லை.

நர்ஸ் திட்டவில்லை. திட்டாதது மட்டுமல்ல, முகத்தில்கூடக் காட்டவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கூண்டை எடுக்கிறார், ஒரு முனையில் பம்ப், மறுமுனை வாய்க்கு. பம்ப்பிலிருந்து மருந்து சீறிக்கொண்டு வரும். நேரே அடித்தால் தொண்டைச் சுவரில் மோதி அங்கேயே நின்றுவிடும். கூண்டுக்குள் அடித்தால் வேகம் குறைந்து மூடுபனி போல மிதக்கும்; பிள்ளை தன்பாட்டுக்கு மூச்சை இழுக்க, அது உள்ளே போகும். குலுக்குகிறார். மாட்டுகிறார். பையனின் உதட்டை விரலால் அணைத்து மூடவைக்கிறார். ஓர் அழுத்து. “இழு… விடு… இழு… விடு…” ஆறு மூச்சு. மறுபடி குலுக்கி, ஓர் அழுத்து, ஆறு மூச்சு. இரண்டு அழுத்தை ஒரேயடியாகப் போட்டுவிடலாமே என்று அப்பா கேட்கிறார். கூடாது, கூண்டுச் சுவரில் ஒட்டி வீணாகும். ஆறு முறை. இருபது நிமிடம் கழித்து மறுபடி. நடுவில் ஸ்டீராய்டு மாத்திரையைக் கரைத்துக் கொடுக்கிறார்கள்.

கூண்டு வாங்க வசதியில்லாத இடங்களில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலின் அடியில் பம்ப்பின் வாய் அளவுக்குத் துளை போட்டு அதையே கூண்டாக்குகிறார்கள். தென்னாப்பிரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அதைச் சோதித்துப் பார்த்து, கடைக் கூண்டுக்குக் குறைவில்லை என்று எழுதியிருக்கிறார்கள்.

பத்தே கால் மணிக்குப் பையனின் தோள் கீழே இறங்கிவிட்டது. பள்ளியின் முழுப்பெயரையும் ஒரே மூச்சில் சொல்கிறான், “தேசிய வகை” என்பதையும் சேர்த்து. குழாயில் ஊதினால் 190. அப்பா சுவருக்குத் திரும்பி முகத்தைத் துடைத்துக்கொள்கிறார்.

எம்.ஏ. இப்போதுதான் பழைய அட்டையைப் புரட்டுகிறார். போன தடவை கொடுத்த இன்னொரு பம்ப் எங்கே? தினமும் காலையும் மாலையும் அடிக்க வேண்டியது? அது வீட்டில் பெட்டி பிரிக்காமல் இருக்கிறது. “அது பழகிடும், பெறகு விடவே முடியாதுன்னு சொன்னாங்க மிஸி.” யார் சொன்னார்கள் என்று யாரும் கேட்கவில்லை, எல்லாரும் சொல்வதுதான். நீல பம்ப் சுருங்கிய குழாயைச் சில மணி நேரம் விரித்துவைக்கும். உள்ளே புண்ணாகி வீங்கியிருப்பதை ஆற்றுவது பெட்டி பிரிக்காத அந்த மற்றதுதான். வீடு தீப்பிடிக்கும்போதெல்லாம் வாளியை எடுத்து ஓடுவதா, அடுப்பை அணைப்பதா என்று நர்ஸ் கேட்கிறார். அப்பா தலையாட்டுகிறார். அடித்தபிறகு வாயைக் கொப்பளிக்க வேண்டும் என்பதை மூன்று முறை சொல்லி அனுப்புகிறார்கள். அப்புறம் கூண்டை அப்பாவின் கையில் கொடுத்து, “இப்ப நீங்க எனக்குச் செஞ்சு காட்டுங்க” என்கிறார். அவர் குலுக்க மறந்துவிடுகிறார். மறுபடி முதலிலிருந்து. இரண்டாவது தடவை சரியாகச் செய்கிறார்.

அந்த அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு அம்மாவின் பதினோரு வருடம் ஞாபகம் வந்தது. இருமல் என்று போனபோதெல்லாம் நுண்ணுயிர்க்கொல்லி, இருமல் சிரப், நாலு கலர் மாத்திரை. ஊர் பேரோ கிளினிக் பேரோ இங்கே வேண்டாம். பதினோரு வருடம் யாரும் கேட்காத ஒரு கேள்வியை, ஒருநாள் ஓர் இளம் டாக்டர் கேட்டார்: “அம்மா, இருமல் எத்தனை மணிக்கு வருது?” விடியற்காலை மூன்றுக்கு. கூட்டிப் பெருக்கும்போது. 2019 செப்டம்பரில் புகைமூட்டம் வந்து பினாங்கில் பள்ளிக்கூடமெல்லாம் மூடியபோது ஒருநாள் விடாமல். சளியே இல்லாத வறட்டு இருமல். அம்மாவுக்கு இழுப்பு, சீழ்க்கைச் சத்தம் இல்லாத இழுப்பு. பம்ப் கையில் வந்து பதினைந்தாவது நாள் அவர் விடியும் வரைக்கும் தூங்கினார். அன்று காலை நான் பயந்துபோய் மூக்கருகில் விரலை வைத்துப் பார்த்தேன்.

மருந்துக் கவுண்டரில் ஒரு முதியவர் பொட்டலத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். சளியை இளக்கும் மாத்திரை, புரோம்ஹெக்சின். “எங்கம்மா ஆடாதொடை இலைய அவிச்சுக் குடுப்பாங்க, இது என்னா மாத்திரை” என்று பக்கத்திலிருப்பவரிடம் குறைப்படுகிறார். எனக்கு எழுந்துபோய்ச் சொல்ல வேண்டும்போல் இருந்தது: ஐயா, ஆடாதொடையில் இருக்கும் வாசிசின் என்ற சரக்கை மாதிரியாக வைத்துத்தான் இந்தப் புரோம்ஹெக்சினைச் செய்தார்கள், உங்கள் அம்மாவின் இலையும் இந்த மாத்திரையும் ஒரே வம்சம். எழுந்திருக்கவில்லை. அவர் பொட்டலத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

பதினொன்றரைக்குக் கூடம் கலைந்துவிட்டது. மிச்சமிருந்தவர்களில் ஒருவரை நான் ஆரம்பத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். காவலாளிச் சட்டை, ஐம்பத்தைந்து இருக்கும். கடைசி வரிசையில், ஜன்னலோரம், யாருக்கும் பக்கத்தில் இல்லாத நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தவர். கைக்குட்டைக்குள் அமுக்கிய அந்த இருமல் இவருடையது. அவர் எழுந்து மேசைக்கு நடந்தபோது இடுப்பு வார் கண்ணில் பட்டது. நல்ல தோல். பல வருடம் கொக்கி விழுந்த துளை அகன்று, அதைச் சுற்றித் தோல் வெடித்திருந்தது. இப்போது கொக்கி அங்கே இல்லை. அதிலிருந்து இரண்டு விரல்கடை உள்ளே தள்ளி, ஆணியால் குத்திய ஒரு துளை. அதற்கும் உள்ளே, இன்னும் புதிதாய், இன்னொன்று.

“சளி மருந்து வேணும் மிஸி.”

“எத்தனை நாளா இருமல் ண்ணே?”

“கொஞ்ச நாளாத்தான்.”

கொஞ்ச நாள் என்பதை நர்ஸ் எழுதிக்கொள்ளவில்லை. “தைப்பூசத்துக்கு முன்னயா, பின்னயா?”

அவர் யோசிக்கிறார். “தைப்பூசத்துக்கு இருமிக்கிட்டேதான் தண்ணீர்மலைக்குப் போனேன்.”

நர்ஸின் பேனா நிற்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் காசநோயைச் சோதித்தே ஆக வேண்டும் என்பது இந்த நாட்டு விதி. அவருக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருக்கும் போஸ்டரில் அதுதான் எழுதியிருக்கிறது. மலேசியாவில் ஆண்டுக்கு இருபத்தைந்தாயிரம் பேருக்கு மேல் இந்த நோயில் பிடிபடுகிறார்கள். சாயங்காலம் காய்ச்சல் வருதா? வருது. ராத்திரி வேர்க்குதா? தலையணை நனையுது. சாப்பாடு? பிடிக்கல. ரத்தம்? அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “ஒரே ஒரு தடவ” என்கிறார்.

புது முகக்கவசம் ஒன்றைக் கொடுத்து, மூக்குமேல் கம்பியை அழுத்திவிடச் சொல்கிறார்கள். சின்ன பிளாஸ்டிக் டப்பா, திருகு மூடி. அதைக் கொடுக்கும்போது நர்ஸ் ரொம்ப நேரம் பேசுகிறார்: எச்சில் வேண்டாம், எச்சிலில் ஒன்றும் தெரியாது; இரண்டு முறை ஆழமாக மூச்சை இழுத்து அடக்கி, மூன்றாவதில் அடிநெஞ்சிலிருந்து இருமி வருவதைத் துப்ப வேண்டும்; ஒரு டீஸ்பூன் அளவு போதும்; இங்கே இல்லை, பின்பக்கம் வெயிலும் காற்றும் இருக்கும் இடத்தில். நாளைக்குக் காலை எழுந்ததும் இன்னொரு டப்பாவில்.

அவர் பின்வாசல் வழியாகப் போகிறார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மாமரத்தடியில் நிற்கிறார். முதல் மூச்சு. இரண்டாவது. மூன்றாவதில் உடம்பு இரண்டாக மடிகிறது. உள்ளே எனக்குச் சத்தம் கேட்கவில்லை. டப்பாவை வெயிலில் தூக்கிப் பார்க்கிறார், மூடியைத் திருகுகிறார், இறுகியதா என்று இன்னொரு முறை திருகுகிறார்.

திரும்பி வந்தவர் கேட்ட முதல் கேள்வி நோயைப் பற்றியதல்ல. “எங்கயாவது கொண்டுபோய் வெச்சிருவீங்களா?”

அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். லயத்து வீடுகளில் சயரோகம் வந்தவரைப் பற்றிய பேச்சு எப்போதும் அவரைக் கொண்டுபோனதோடு முடிந்துவிடும். திரும்பி வந்த கதை குறைவு. அந்த வழக்கத்தை உடைத்தது மெட்ராஸ். 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையத்தில், வாலஸ் ஃபாக்ஸ் என்ற மருத்துவரின் தலைமையில் நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்தில் நல்ல சாப்பாட்டோடும் ஓய்வோடும். மறு பாதி நகரத்து நெருக்கடியில், அவரவர் வீட்டில், அவரவர் கஞ்சியோடு. மருந்து இருவருக்கும் ஒன்றே. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் குணமானவர் கணக்கு ஏறக்குறைய ஒன்றே. அதைவிட முக்கியம், வீட்டில் வைத்துப் பார்த்ததால் வீட்டாருக்கு நோய் கூடுதலாகப் பரவவில்லை. 1959-இல் அந்த முடிவு வெளிவந்ததும் உலகெங்கும் சானடோரியங்கள் மெல்ல மெல்ல வேலையிழந்தன. மெட்ராஸ் சந்துகளில் கஞ்சி குடித்துக்கொண்டே மாத்திரை விழுங்கிய அந்த முகம் தெரியாத ஏழைகளால்தான் இன்று பி.எம்.மில் இந்த மனிதர் வீட்டுக்குப் போகிறார்.

“எங்கயும் வெக்க மாட்டோம். முதல்ல டெஸ்ட் வரட்டும். இருந்தா ஆறு மாசம் மாத்திரை. முதல் ரெண்டு மாசம் நாலு மருந்து, பெறகு நாலு மாசம் ரெண்டு. நல்லாயிட்டோம்னு நடுவுல விடக் கூடாது, அது ஒண்ணுதான். ஒண்ணுக்குச் சிவப்பா போனா பயந்துறாதீங்க, அது மருந்தோட நெறம். கிளினிக்குக்கு வந்து எங்க முன்னாடி முழுங்கிட்டுப் போங்க.”

அவர் தலையாட்டுகிறார். வேலை போய்விடுமா என்று கேட்க நினைத்தது முகத்தில் தெரிகிறது, கேட்கவில்லை.

நர்ஸ் புதிய தாளை எடுக்கிறார். ரத்தம் எடுக்கும் அறையிலிருந்து அம்மா பஞ்சை முழங்கையில் அழுத்திக்கொண்டு வெளியே வருகிறார். நான் எழுந்து நிற்கிறேன். போகாமல் நிற்கிறேன்.

“வீட்டுல எத்தனை பேர் ண்ணே?”

அவர் கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தொட்டு எண்ணுகிறார். நான், என் சம்சாரம், பெரியவன், அவன் பெஞ்சாதி, சின்னவ, எங்கம்மா. ஆறில் கட்டைவிரல் நிற்கிறது. முகக்கவசத்துக்கு மேலே கண்கள் நர்ஸைப் பார்க்கின்றன.

“பேரன் ஒருத்தன் இருக்கான் மிஸி. எட்டு மாசம். ராத்திரி என் பக்கத்துலதான் படுப்பான்.”

நர்ஸ் ஏழு என்று எழுதுகிறார். “அவன நாளைக்குக் கூட்டிட்டு வாங்க” என்கிறார்.